பாஸ்குப் பந்தி

என் நாத்தனார் வாயைத் திறந்து யாரையும் ஏசியதில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். குழாயடியில் சண்டை வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். தம்பிகள் குடித்துவிட்டு வந்தால் கதவைத் திறந்து விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். ஆனால் அவளிடம் அடிபடாதவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. எல்லாம் கரண்டியால் பட்ட அடி. முதுகில் இல்லை, இலையில்.

என்னைவிட மூத்தவள், என் வீட்டுக்காரரின் அக்கா. மரியாதையாக 'அவர்' என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வராததை வராது என்றே விட்டுவிடுவேன்.

வீடு அம்பத்தூரில், பழைய ஊர்ப் பக்கம். ஓட்டு வீடு. பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அவர்கள் அப்பன் பாட்டன் எல்லாம் பிறத்தியார் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் கழனி எல்லாம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஆகிப் புகை வந்தபோது ஆண்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கம்பெனி கேட்டில் வரிசையில் நின்றார்கள். இவள் புருஷன் அதற்கு முன்பே வாந்திபேதியில் போய்விட்டான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கூடப் பிறந்த மூன்று தம்பிகள். எருமை கறந்து மூன்று பேரையும் ஆளாக்கினாள், மூன்று பேருக்கும் பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். அதனால் அவளைக் கேட்கிற தைரியம் ஒருவனுக்கும் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் தனியாகப் போனபோதுகூட, அவர் அக்காவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்.

நாங்கள் வேதக்காரர்கள். மாதா கோயில். விபூதிப் புதனிலிருந்து பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம். அந்த நாற்பது நாளும் அந்த வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. பிற்பாடு சாமியார் பிரசங்கத்தில், இனிமேல் அவ்வளவு கடுமை வேண்டாம், சில நாட்கள் இருந்தால் போதும் என்று சொன்னார். வெளியே வந்ததும் நாங்கள் எல்லாரும் இவள் முகத்தைத்தான் பார்த்தோம். "அவரு சொல்வாரு. அவருக்குச் சமைக்க ஆள் கீது, வேளைக்கு ஒண்ணு துன்னலாம். நம்ப ஊட்டுக்கு நான்தான் சமைக்கிறேன்" என்றாள். அதோடு முடிந்தது.

அப்படி நாற்பது நாள் நாக்கைக் கட்டிப்போட்டு அவிழ்த்துவிடுகிற சாப்பாடு அது. பாஸ்கு அன்று மதியம் அந்த வீட்டில் கொதிக்கிற ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை ஸ்டேஷன் வரைக்கும் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது பொய்தான். ஆனால் தெரு முனைக்கு வரும். அவள் மாதிரி மசாலா வறுக்க எனக்கு இன்றுவரைக்கும் வரவில்லை. மற்ற எதிலும் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. இதில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் மருமகள்கள் மூன்று பேரும் அவள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். கையில் குருத்தோலையோடு கொட்டகைப் பக்கம் உட்காருவோம். ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைந்துகொண்டே கேட்போம், அவள் சொல்வாள். பக்கத்து வீட்டோடு சேர்ந்து எந்த ஆட்டைக் கூறு போடுவது, மசாலா யார் அரைப்பது, வாழை இலை யார் கொண்டுவருவது, ரசம் யார் வைப்பது, எல்லாம் அன்றைக்கே முடிவாகிவிடும். சொல்லிக்கொண்டே ஒவ்வொருத்தி முகமாகப் பார்ப்பாள். நாங்கள் ஓலையைப் பார்த்துக் குனிந்துகொள்வோம். ஏனென்றால் அன்று அவள் சொல்லாமல் முடிவு பண்ணுகிற காரியம் ஒன்று உண்டு. இந்த வருஷம் யார் என்பது.

வெளி ஆளுக்கு இது விளங்காது. அந்த வீட்டில் ஆட்டில் எந்தத் துண்டு யாருக்கு என்று ஒரு முறை இருந்தது. ஈரல் மூத்தவருக்கு. தொடைக்கறி சம்பாதிக்கிற ஆண்களுக்கு. நெஞ்செலும்பு மருமகள்களுக்கு. கழுத்து எலும்பு கடைசியில் யாருக்காவது, இல்லாவிட்டால் நாய்க்கு. பரிமாறுவது அவள் ஒருத்திதான், கரண்டியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். தலை நிமிராமல் குனிந்து வைத்துக்கொண்டே போவாள். வருஷத்துக்கு ஒருவர் இலையில் முறை மாறி விழும். விழுந்ததும் பந்தி முழுக்கத் தெரிந்துவிடும். அவனவன் தன் இலையைப் பார்த்துச் சாப்பிடுவான். யாராவது பிறகு போய்க் கேட்டால், "நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே. சோறுதான போட்டேன்" என்பாள். அது உண்மைதான். அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

சின்னத் தம்பிக்குக் கம்பெனியில் வேலை போன வருஷம் அவர் இலையில் கழுத்து எலும்பு விழுந்தது. ஸ்டிரைக்கில் போனது, அவர் குற்றம் இல்லை. அன்று அவர் பெண்சாதியையும் நாத்தனார் ஆண்கள் பந்தியிலேயே எதிர்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அவள் இலையில் தொடைக்கறி. புருஷனுக்குரியதைப் பெண்சாதிக்கு வைத்தாயிற்று. ஏனென்றால் அவள் அந்த மாதம் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போயிருந்தாள். அந்த மனுஷன் கழுத்து எலும்பைக் கடித்துத் தின்று, கை கழுவி, வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். மீசை வைத்த ஆள். அடுத்த வாரம் திருமழிசைப் பக்கம் ஒரு பட்டறையில் அடிமாட்டுக் கூலிக்குச் சேர்ந்தார். "பாத்தியா, சேந்துட்டான்" என்றாள் நாத்தனார் என்னிடம். அவளுக்கு அதில் ஒரு திருப்தி.

எனக்கும் பட்டது, கரண்டியால் இல்லை, ஒரு புத்தகத்தால். நான் வந்த முதல் வருஷமே. பந்தியில் உட்காருவதற்கு முன்னால் ஒருவர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அது வழக்கம். அன்று புத்தகம் என் கைக்கு வந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் என்று பெண் பார்க்க வந்தபோதே அவளுக்குத் தெரியும். என் அப்பாவே சொல்லியிருந்தார். எல்லாரும் கை கூப்பி நிற்கிறார்கள், சோற்றில் ஆவி பறக்கிறது. முதல் வரியை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மூத்த ஓரகத்தி சிரிப்பை அடக்கத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் புத்தகத்தை மூடினேன். பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் மனப்பாடமாகக் கணீரென்று சொல்லி முடித்தேன். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் ஜெபமாலை சொல்லாமல் சோறு கிடையாது. நாத்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று என் இலையில் நெஞ்செலும்பு விழுந்தது, கூட ஒரு துண்டு அதிகமாக. அதற்கு மேல் அவள் என்னைத் தொடவில்லை.

அப்படியானால் அவள் கெட்டவள்தானா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது அம்பத்தூரிலிருந்து தினம் ரயிலேறி வந்து என் பீத்துணி துவைத்தவள் அவள். என் அம்மாகூட ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாஸ்கு அன்று எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு அவள் சாப்பிடுவது சட்டியைச் சுரண்டிய குழம்பும் அடிச்சோறும். நின்றுகொண்டே சாப்பிடுவாள். தனக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்து நான் கண்டதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய பெண் பிலோமினா. பிலோமி என்று கூப்பிடுவோம். எஸ்டேட்டில் பல்பு கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அங்கே தணிகாசலம் என்று ஒரு பையன், ஃபிட்டர், திருத்தணிப் பக்கம். இந்துப் பையன். ஒரு நாள் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள் என்று சேதி வந்தது. நாத்தனார் அழவில்லை, கத்தவில்லை. அந்த வருஷ பாஸ்குக்கு மூத்த ஓரகத்தி வழக்கம் போல இலை போட்டுக்கொண்டே போனபோது, கடைசி இலையை அவள் குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடியும் இலைக்கட்டில் வைத்தாள். அவ்வளவுதான்.

பிலோமி திருமுல்லைவாயலில் ஒற்றை அறை எடுத்துக் குடியிருந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கிட்டத்தான். நான் போவேன், அவள் வருவாள். என் வீட்டுக்காரர் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். இரண்டாவது வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். தபசு காலம் பாதி ஓடியபோது ஏழாம் மாசம். பையன் வீட்டில் அவளைப் படியேற விடவில்லை. அவனையும் விடவில்லை. அவன் அம்மா ஒரு தடவை கம்பெனி வாசலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். இவளுக்கு இரத்தம் இல்லை, காலெல்லாம் வீக்கம். அந்த அறையில் தண்ணீர் எடுக்க மூன்றாம் வீட்டுக் கிணற்றுக்குப் போக வேண்டும். பகலில் கூட ஒரு ஆள் கிடையாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்கணும், அத்தே என்று ஒரு நாள் கேட்டாள். எங்கள் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த மாமியார் வழி ஆளுமாக நாங்களே நெருக்கியடித்துப் படுத்திருந்தோம். நான் போய்க் கேட்கிறேன் என்றேன்.

அந்தக் குருத்து ஞாயிறு எல்லாம் பேசி முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு நான் உட்கார்ந்தே இருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். எந்த மாசம், கால் வீக்கம், பையன் நல்லவன், ஒரு சொல் அதிகம் பேச மாட்டான், எல்லாம் சொன்னேன். அவள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வரட்டும்" என்றாள். "அந்தப் பையனையும் இட்டுகினு வரட்டும். பாஸ்குக்கு எலை போடறேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "பிரசவத்துக்கு இங்கயே இருக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"மொதல்ல வந்து துன்னட்டும். அப்பால பாத்துக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "அவன் ஈரல் துன்னுவானா?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் நான் மயங்கிவிட்டேன். ஈரல் மூத்தவருக்கு உரியது. அதை மாப்பிள்ளைக்கு எடுத்து வைக்க நினைக்கிறாள் என்றால் மனசு இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம். அங்கிருந்து நேரே திருமுல்லைவாயலுக்குப் போனேன். பிலோமி அழுதாள், சிரித்தாள், பிறகு தன் ஒரே நல்ல சேலையை எடுத்துக் கொசுவத்தில் கிழிந்திருந்ததைத் தைக்க உட்கார்ந்தாள். பாஸ்கு அன்று அம்மா கரண்டி தன் இலைக்கு வந்துவிட்டால் போதும், அறையும் கட்டிலும் பிறகு தானே வரும் என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் அது தெரியும். அந்தப் பந்தியில் இலை கிடைத்தவர் அந்த வீட்டு மனுஷர்.

பாஸ்கு பூசைக்கு இருவரும் வந்தார்கள். தணிகாசலம் வெள்ளைச் சட்டையில் பின்வரிசையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், எங்கே வைப்பது என்று தெரியாமல். பூசையில் சாமியார் கையால் அப்பம் வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். கோயிலில் தாலி ஏறாதவர்களுக்கு அது கிடையாது. எல்லாரும் எழுந்து போனபோது பிலோமி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், வயிற்றின்மேல் கை வைத்தபடி. நாத்தனார் நன்மை வாங்கித் திரும்பும்போது அவள் பக்கத்து வழியாகத்தான் வந்தாள். பார்க்கவில்லை.

ஆனால் வீட்டு வாசலில் அவளே நின்று மாப்பிள்ளைக்குக் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "வா தம்பி, உள்ள வா. வெயிலு" என்றாள். தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவள் மண் தூற்றினாள், மற்றவள் தண்ணீர் கொடுக்கிறாள் என்று அவன் நினைத்திருப்பான். முதல் பந்தி. மூத்தவர், என் வீட்டுக்காரர், சின்னவர், தணிகாசலம், அவன் பக்கத்தில் பிலோமி. பெண்கள் இரண்டாவது பந்தியில்தான் உட்காருவோம், மாசமாக இருக்கிறவள் என்று இவளை மட்டும் நாத்தனாரே முதல் பந்தியில் உட்கார வைத்தாள். நான் ரசமும் தண்ணீரும் பார்த்துக்கொண்டேன்.

சோறு விழுந்தது. கறி வந்தது. மூத்தவருக்குத் தொடைக்கறி. அவர் ஈரலுக்காகக் காத்திருந்த மாதிரி ஒரு கணம் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஈரல் முழுசும் தணிகாசலத்தின் இலைக்குப் போனது. அதன்மேல் இரண்டு தொடைக்கறி. அடுத்த இலை பிலோமியுடையது. அதில் சோறு இன்னும் விழவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாத்தனார் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்தாள். ஒரு வெண்கலக் கிண்ணத்தை இலைமேல் வைத்து அதில் ஊற்றினாள். கஞ்சி. பெரிய வெள்ளிக்கிழமை ஒரு சந்தி விரதத்துக்குக் காய்ச்சிய கஞ்சி, தண்ணீர் விட்டு இரண்டு நாள் வைத்திருந்தது. புளித்த வாசனை கறி வாசனையைத் தாண்டி என் மூக்குக்கு வந்தது. ஓரத்தில் ஒரு உப்புக்கல்லும் வைத்தாள்.

எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நன்மை வாங்காதவளுக்குப் பாஸ்கு வரவில்லை. உலகத்துக்கெல்லாம் தபசு முடிந்தது, உனக்கு முடியவில்லை. வாயால் ஒரு வார்த்தை இல்லை.

விளங்காதவன் ஒருவன்தான். தணிகாசலம் தன் இலையையும் பெண்சாதி இலையையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாம்மா, அவளுக்குக் கறி வெக்கலியே?" என்று கேட்டான், குற்றமாக இல்லை, மறந்துவிட்டார்களோ என்கிற மாதிரி.

நாத்தனார் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "அவளுக்கு ஒரு வேண்டுதல் கீது மாப்ளே. புள்ள நல்லா பொறக்கணும்னு. நீ துன்னு."

வேண்டுதல் என்றால் அவனுக்குத் தெரியும். காவடி எடுக்கிற ஊர்க்காரன். பெண்சாதியைத் திரும்பிப் பார்த்து, "எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ" என்றான். குரலில் பெருமை. தனக்கும் பிள்ளைக்குமாக அவள் வாய் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தான். நல்ல பசி அவனுக்கு. எலும்பைத் தட்டி உள்ளே இருப்பதை உறிஞ்சினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவள் கறிச்சட்டியிலேயே கை வைத்தேன். யாரும் வைத்ததில்லை. கரண்டி நிறைய மொண்டு பிலோமியின் இலைக்குக் கொண்டுபோனேன். பிலோமி இலையின்மேல் தன் கையை விரித்து மூடினாள்.

"வேணாம் அத்தே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். குடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அறை வேண்டும், கட்டில் வேண்டும், வலி எடுத்தால் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். நாத்தனார் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தம்பிகளும் தலை நிமிரவில்லை. அவள் பெற்ற பெண்ணுக்கு அவள் ஊற்றுகிறாள், அவர்கள் யார் கேட்பதற்கு. பாதிக் கிண்ணத்தில் பிலோமி நிறுத்தினாள். பக்கத்தில் புருஷன் ஈரலை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். இலையை மடித்தாள்.

சாப்பிட்ட இலையை நம் பக்கமாக மடிப்பதுதான் வழக்கம். அந்த உறவு வேண்டும், அந்த வீட்டில் இன்னும் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில். இனி இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் வேண்டாம் என்பதற்காக. பிலோமி எதிர்ப்பக்கமாக மடித்தாள். அவசரத்தில் இல்லை. ஓரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, விரலால் நீவி, சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி மடித்தாள். பாஸ்கு அன்று, பெற்றவள் வீட்டில்.

சின்னவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. நாத்தனார் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் அதில் உயிர் இல்லை.

தணிகாசலம் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தான். பெண்சாதியின் இலையை ஒரு பார்வை பார்த்தான். வேதக்காரர்கள் இப்படித்தான் மடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். தன் இலையையும் எடுத்து, அவள் மடித்த மாதிரியே, எதிர்ப்பக்கமாகக் கவனமாக மடித்து வைத்தான். "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்திச்சும்மா" என்று சொல்லி எழுந்தான்.

குமட்டுகிறது என்று பிலோமி புருஷனிடம் சொல்லிக் கிளம்பிவிட்டாள். நாத்தனார் தடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "ரெண்டாம் பந்திக்கு எலை போடு, கொயம்பு ஆறுது" என்றாள். நான் போடவில்லை. என் பையை எடுக்கப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன்.

அந்த அறையில் எப்போதும் வைக்கோலும் விறகும் கிடக்கும். அன்று காலியாக இருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கயிற்றுக் கட்டில் போட்டு இறுக்கி முடைந்திருந்தது. அதன்மேல் பழைய நூல் சேலைகள், துவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கியிருந்தாள். மூலையில் பூண்டு, கருப்பட்டி, சுக்கு, ஒரு புது மண்பானை. பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது ஒன்று குறையவில்லை. கதவில் அவள் நிழல் விழுந்தது.

"இத அவளுக்கு மொதல்லயே காட்டியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"துன்னு முடிக்கட்டும்னு இருந்தேன்." கட்டிலின் ஒரு கயிறு தளர்ந்திருந்தது. குனிந்து அதை இழுத்துக் கட்டினாள். "ஒரு கிண்ணம். அத்த குடிச்சிருந்தா நானே கைய புடிச்சி இட்டாந்து படுக்க வெச்சிருப்பேன். அவ எந்திரிப்பான்னு நான் நெனைக்கல."

அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்குத் தப்பியவள் குரல் மாதிரி இருந்தது. போய்க் கூப்பிடுங்கள், ஸ்டேஷன் தாண்டியிருக்க மாட்டார்கள் என்றேன். எலையை அப்பிடி மடிச்சிட்டுப் போனவளையா என்று கேட்டாள். அப்புறம் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

பிலோமிக்கு என் குவார்ட்டர்ஸில்தான் பிள்ளை பிறந்தது. மாமியார் வழி ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டு அடுக்களையில் இடம் பண்ணினேன். ஒன்றரை நாள் வலி. பிழைக்க மாட்டாள் என்று மருத்துவச்சியே கைவிரித்தாள். பிழைத்தாள். ஆண் பிள்ளை. அம்பத்தூருக்குச் சொல்லி அனுப்பினோம். சொல்லப் போனவனுக்குச் சோறு போட்டு அனுப்பினாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டிலையும் துணியையும் என்ன பண்ணினாளோ. அடுத்த தடவை நான் போனபோது அறையில் வைக்கோல் கிடந்தது.

தணிகாசலத்துக்கு நடந்தது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. பிலோமி சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சொல்லுகிற வாய் கிடையாது. அடுத்த தபசு காலத்தில் ஒரு நாள் நாத்தனார் அவன் கம்பெனிக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். பாஸ்குக்கு மாப்பிள்ளை வர வேண்டும் என்று. மாப்பிள்ளை மட்டும். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போன வருஷத்து ஈரலை அவன் வருஷம் முழுக்கக் கம்பெனியில் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்திருந்தான்.

அன்று காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பிலோமி அவன் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தரையில் தவழ்ந்தது. அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். பாட்டுக் கேட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஏண்டி, அவனிடம் சொல்லித் தொலையேன், அங்கே போய் எதற்குத் தின்ன வேண்டும் என்று கேட்டேன்.

அவள் சொம்பை நிமிர்த்தி வைத்தாள். "சொன்னா போவ மாட்டாரு அத்தே. அவங்க ஊட்லயும் சேக்கல. மாப்ளேன்னு கூப்புட அவருக்கு ஒரு ஊடாவது இருக்கட்டும்."

அவனோடு ரயிலேறிப் போனேன். நாத்தனார் வாசலில் செம்போடு நின்றாள். முதல் பந்தியில் மூத்தவருக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்தாள். கறிச்சட்டியோடு குனிந்து வந்தவள், ஈரலை அவன் இலையில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அவளுக்கு இன்னும் வேண்டுதல் முடியலியா மாப்ளே?" என்று கேட்டாள்.

அவன் வாய் நிறையச் சோறு. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். "இன்னும் முடியலம்மா. இந்த வருசம் வர முடியாதுன்னுட்டா."

"மெதுவா முடியட்டும்" என்றாள். சட்டியைத் துழாவி அடியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து அவனுக்கு வைத்துவிட்டு, அடுத்த இலைக்குப் போனாள்.